வாடகைத் தபாற்பெட்டி

2025-ம் வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில் மத்திய மந்திரி ஸ்ரீ அசுவினி வைஷ்ணவ் தமது காரியாலய வேலைகளை ஸோஹோ என்னும் நாட்டுக் கம்பெனியின் சாதனங்களுக்கு மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். அக்டோபர் 8-ந் தேதி உள்துறை மந்திரி ஸ்ரீ அமித் ஷா தமது மின்னஞ்சல் முகவரியையும் அக்கம்பெனியிடமே அமைத்துக்கொண்டார். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர் சுமார் 12 லட்சம் பேருடைய தபாலும் அந்த ஏற்பாட்டிற்கு மாறியதாக அதே மாதத்தில் செய்தி வெளியாயிற்று. சென்னையை நிலைக்களமாகக் கொண்டு வளர்ந்த ஒரு ஸ்தாபனத்திற்கு இப்பெருமை கிட்டியது குறித்து நாம் மகிழ்கிறோம். ஆயின், மந்திரிமார் வீடு மாறிய கோலாகலத்தில் ஒரு கேள்வியைக் கேட்பாரில்லை. சர்க்காரின் தபாலைப் பற்றி இவ்வளவு கவலை பிறந்திருக்கையில், இந்நாட்டுச் சிறு வியாபாரியின் தபால் எவர் கையில் இருக்கிறது? அதன்மீது அவனுக்குள்ள பாத்தியதை என்ன?

இன்று திருப்பூரில் பனியன் தைத்து அனுப்புகிறவனுக்கும், சிவகாசியில் அச்சுக்கூடம் வைத்திருப்பவனுக்கும், கோயமுத்தூரில் பம்பு வார்ப்பவனுக்கும் மின்னஞ்சலே கணக்கப்பிள்ளை, அதுவே சாட்சி. ஆர்டர் அதில் வருகிறது. விலை அதில் முடிவாகிறது. பில் அதில் போகிறது. தகராறும் அதில்தான் பிறக்கிறது. 2006-ம் வருஷத்துச் சிறு தொழில்கள் சட்டத்தின்படி, சரக்கை வாங்கியவன் எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட கெடுவுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். அக்கெடு 45 நாளைத் தாண்டலாகாது. சரக்கில் குறையிருந்தால் 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்க வேண்டும். இல்லையேல் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். அந்த எழுத்து இப்பொழுது எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலில். சரக்கு சேவை வரிச் சட்டமோ, வருடாந்தர ரிட்டர்னுக்குரிய கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காப்பாற்றி வைக்கச் சொல்லுகிறது. கணக்கைக் காக்கும் கடமை வியாபாரியுடையது. அதற்கு ஆதாரமான கடிதங்கள் கிடக்கும் பெட்டியின் சாவியோ வேறொருவருடையது.

அப்பெட்டி ஆதியில் இனாமாக வந்தது. 2006-ல் கூகிள் கம்பெனி, சொந்தப் பெயருடைய முகவரிகளை எவரும் காசின்றி வைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்தது. உலகெங்கும் சிறு வியாபாரிகள் குடியேறினர். 2012 டிசம்பரில் புதிதாய் வருவோருக்கு அக்கதவு மூடப்பட்டது. 2022 ஜனவரியில், முன்பே இனாமாய்க் குடியிருந்தவர்களும் பணம் கட்ட வேண்டுமென்று அறிவிப்பு வந்தது. கூக்குரல் எழுந்ததும், சொந்த உபயோகத்திற்கு மட்டும் வைத்திருப்போர் தப்பினர். வியாபாரத்திற்கு வைத்திருந்தவர்கள் தப்பவில்லை. 2025 ஜனவரியில் செயற்கை அறிவு யந்திரத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று சொல்லிக் கட்டணம் உயர்த்தப்பட்டது. அந்த யந்திரத்தைத் தான் கேட்டதுண்டா என்று வியாபாரியை எவரும் விசாரிக்கவில்லை. வாடகை தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் ஏறுவதால், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் இரண்டு முகவரிகளை வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர். அதில் எந்தக் கடிதத்தை எவர் எழுதினார் என்பது பிறகு ஒருவருக்கும் தெரியாது. இனாமுக்கு இருக்கும் குணத்தைத் தமிழ்நாட்டார்க்குப் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை. 1906-ல் தூத்துக்குடியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபொழுது, எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, முடிவில் இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்த கதையை அவர்கள் அறிவார்கள்.

வாடகை கொடுத்தும் பூரண சுதந்திரம் கிடைப்பதில்லை. இலவச ஜிமெயிலில் நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் எழுதலாம். பணம் கட்டியவர்க்கு நாளொன்றுக்கு 2,000 கடிதம் எல்லை. எல்லையைத் தாண்டினால் 24 மணி நேரம் வரை வாய் அடைத்துக்கொள்ளும். தீபாவளிக்கு முன் விலைப்பட்டியல் அனுப்பும் கடைக்காரன் இதை அநுபவத்தில் கற்றுக்கொள்ளுகிறான். இணைத்து அனுப்பும் படம் 25 மெகாபைட்டுக்கு மேற்படலாகாது. இதற்காவது வேறு வழியுண்டு. வழியற்றுத் தவிப்பவர், வலைத்தளம் கட்டிக் கொடுத்த கம்பெனி அதனோடு சேர்த்துத் தந்த மலிவான மின்னஞ்சலை வைத்திருப்போர். அங்கே நூற்றுக்கணக்கான வியாபாரிகள் ஒரே ஸர்வரில், ஒரே எண்ணுடைய வாசலில், ஸ்டோரில் குடியிருப்போரைப்போல் வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவன் மோசடிக் கடிதங்களை அள்ளி வீசினால், அந்த வாசல் எண்ணே கறுப்புப் பட்டியலில் ஏறுகிறது. அடுத்த அறையில் யோக்கியமாய்த் தொழில் செய்பவனுடைய பில்லும் வாடிக்கைக்காரனின் குப்பைக் கூடைக்குப் போகிறது. பணம் வராத காரணம் இருவருக்கும் பல நாள் வரை தெரிவதில்லை. 2024 பிப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும், அனுப்புவோன் இன்னானே என்று மெய்ப்பிக்கும் முத்திரைகள் வேண்டுமென்று விதித்துள்ளன. எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம். என்னும் பெயருடைய அம்முத்திரைகளை முறையாக அமைக்காதவனுடைய கடிதம் திருப்பியடிக்கப்படலாம். மோசடியைத் தடுக்க இவ்விதி அவசியமானதே. அதைக் குறை கூறோம். ஆனால் அதை இயற்றியது எந்தச் சட்டசபை? இரண்டு மூன்று கம்பெனிகள் கூடி உலகத் தபாலுக்கு விதி செய்கின்றன. சிறு வியாபாரி தன் கடிதம் திரும்பி வந்த பின்னரே விதியின் பெயரைக் கேள்விப்படுகிறான்.

இவையெல்லாம் தொந்தரவுகள். ஆபத்து வேறு. 2025 ஜூலை 18-ந் தேதி ஐரோப்பிய யூனியன் ரஷ்யாவின்மீது விதித்த 18-வது தடைத் தொகுதியில், குஜராத்தில் வாடினார் என்னுமிடத்தில் எண்ணெய் சுத்திகரிப்பாலை நடத்தும் நயாரா எனர்ஜி கம்பெனியும் சேர்க்கப்பட்டது. அதன் பங்குகளில் நூற்றுக்கு 49.13 ரஷ்யாவின் ரோஸ்நெப்ட் வசம் இருப்பதே காரணம். சில தினங்களுக்குள் மைக்ரோஸாப்ட் கம்பெனி நயாராவின் மின்னஞ்சலை நிறுத்திவிட்டது. நயாரா சந்தாவைப் பாக்கியின்றிக் கட்டியிருந்தது. இந்தியச் சட்டம் எதையும் அது மீறியதாக எவரும் சொல்லவில்லை, நிறுத்தச் சொன்னது இந்திய சர்க்காருமன்று, அமெரிக்க சர்க்காருமன்று. இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி பதிவான ஒரு கம்பெனியின் வாயை, ஐரோப்பாவில் பிறந்த ஒரு கட்டளை அமெரிக்கக் கம்பெனியொன்றின் கையால் மூடிற்று. நயாரா டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. ஜூலை 30-ந் தேதிக்குள் சேவை திரும்பக் கிடைத்தது. இடையில் ரெடிப் என்னும் நாட்டுக் கம்பெனியின் தபாலைக்கொண்டு காலந்தள்ளினார்கள்.

இச்சம்பவத்தைப் பற்றி அந்நாளில் எழுதியவர்கள் பெரும்பாலும் தேசத்தின் கௌரவத்தைப் பற்றியே எழுதினார்கள். அது நியாயமே. நமக்குத் தோன்றுவது வேறொன்று. நயாராவுக்கு ஆயிரக்கணக்கான பெட்ரோல் பங்குகளும், டில்லியில் பெரிய வக்கீல்களும் உண்டு. ஆதலால் அதன் கஷ்டம் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தீர்ந்தது. இருபது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறைக்கு இதே கதி நேர்ந்தால்? தடை வேண்டாம், யுத்தம் வேண்டாம். கடன் அட்டையின் கெடு முடிந்து ஒரு மாதச் சந்தா தவறினால் போதும். அல்லது ஓர் யந்திரம் அவனைச் சந்தேகித்துக் கணக்கைப் பூட்டினால் போதும். அவன் எந்த ஹைகோர்ட்டுக்குப் போவான்? அவன் முறையிட வேண்டிய இடத்தில் மனிதரே இல்லை. ஒரு படிவம் இருக்கிறது. அதைப் பூர்த்தி செய்தால் இன்னொரு யந்திரம் பதில் சொல்லுகிறது.

வேண்டுமென்றே மூடுவது ஒருபுறமிருக்க, கட்டிடமே இடிந்து விழுவதும் உண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ராக்ஸ்பேஸ் கம்பெனி, சிறிய, நடுத்தர வியாபாரிகளின் மின்னஞ்சலைத் தன் ஸர்வர்களில் வைத்துப் பராமரித்து வந்தது. 2022 டிசம்பர் 2-ந் தேதி கொள்ளைக்காரர் அந்த ஸர்வர்களுக்குள் புகுந்து பூட்டிவிட்டுப் பணயம் கேட்டார்கள். நவம்பர் மாதமே வெளியாகியிருந்த பாதுகாப்புத் திருத்தத்தை, அதனால் வேறு சிக்கல் வருமென்று அஞ்சி, கம்பெனி போடாமல் வைத்திருந்தது. ஏறக்குறைய 30,000 வாடிக்கைக்காரர்கள் ஒரே நாளில் தபாலை இழந்தனர். ஒரு மாதம் சென்ற பின்னும் பலருக்குப் பழைய கடிதங்கள் கிடைத்தபாடில்லை. கம்பெனியின் மொத்த வருமானத்தில் இச்சேவையின் பங்கு நூற்றுக்கு ஒன்றளவே; ஆகையால் அதைச் சீர்செய்து மீண்டும் நடத்துவதைவிட மூடிவிடுவதே மேலென்று அவர்கள் அடியோடு மூடிவிட்டார்கள். வியாபாரிக்கு அது சர்வமும். கம்பெனிக்கு நூற்றில் ஒன்று. வாடகைத் தபாலின் தத்துவம் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் ஒவ்வொருவரும் சொந்த ஸர்வர் வைத்துக்கொள்ளட்டுமே என்று சில இளைஞர்கள் உற்சாகமாகக் கூறுவர். மின்னஞ்சலின் அடிப்படை விதிகள் 1982-ல் வகுக்கப்பட்டவை. அவை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமல்ல. யாரும் தபாலாபீஸ் திறக்கலாம் என்பதே அவற்றின் கருத்து. சாஸ்திரத்தில் இது உண்மை, நடைமுறையில் பொய்யாகிவிட்டது. கடிதம் வெளியேற வேண்டிய 25-ம் எண் வாசலை இன்டர்நெட் கம்பெனிகளிற் பல அடைத்தே வைத்திருக்கின்றன. திறந்தாலும், புதிய ஸர்வரிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய கம்பெனிகள் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கின்றன. இரவு பகலாய்க் காவல் காக்க ஆள் வேண்டும். பம்பு வார்ப்பவனைத் தபால் மாஸ்டராகச் சொல்வது யோசனையாகாது. வாடகைக்கு இருக்கத்தான் வேண்டும். எப்படி இருப்பது என்பதே கேள்வி.

சுதேசிக் கம்பெனிக்கு மாறிவிட்டால் தீர்ந்ததா? இதில் நம் நண்பர்கள் சிலரோடு நாம் வேறுபடுகிறோம். 2018 செப்டம்பரில் ஸோஹோவின் பெயரே உலக வலையிலிருந்து சில மணி நேரம் மறைந்தது. அப்பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த அமெரிக்கப் பதிவாளர், மோசடிக் கடிதங்களைப் பற்றிய இரண்டொரு புகாரைக் காட்டி அதை முடக்கிவிட்டார். அக்கம்பெனியின் அந்நாளையத் தலைவர் ஸ்ரீ ஸ்ரீதர் வேம்பு பொது ஜனங்களிடமே உதவி கேட்கும்படி ஆயிற்று. யந்திரம் சொந்தம், வேலையாட்கள் சொந்தம், பெயர் மட்டும் பிறர் கையில். பின்னர், இனித் தாங்களே பதிவாளராவதாக அவர் அறிவித்தார். குடியிருப்பவனுக்கு அது நல்ல பாடம். மேலும், சுதேசி வீட்டிலும் இனாம் அறைக்கு ஜன்னல் இல்லை. ஸோஹோவின் இலவசத் திட்டத்தில் ஐந்து பேர் வரை இருக்கலாம். ஆனால் கடிதங்களைத் தன் கம்ப்யூட்டருக்கு இறக்கி வைக்க உதவும் ஐமேப் வசதி அதில் கிடையாது.

சர்க்கார் செய்ததை உற்று நோக்குங்கள். 12 லட்சம் பேருடைய தபால் ஒரு கம்பெனியின் ஏற்பாட்டிற்குப் போயிற்றேயன்றி, முகவரியின் வால் அக்கம்பெனியின் பெயராகவில்லை. சர்க்காரின் பெயராகவே இருக்கிறது. நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போனாலும் ஊருக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. மந்திரிகளின் மாற்றத்தைப் பாராட்டிய பத்திரிகைகள் இந்தச் சிறு விஷயத்தைக் கவனிக்கவில்லை. வியாபாரி பின்பற்ற வேண்டியது இதைத்தான். ஜிமெயில் என்று முடியும் முகவரியைப் பில்லிலும் பலகையிலும் அச்சடித்தவன் வேறொருவனுடைய கடைப் பெயரைத் தன் வாசலில் மாட்டியவனாகிறான். டாட் இன் என்று முடியும் சொந்தப் பெயருக்கு வருஷத்திற்குச் சில நூறு ரூபாய் முதல் ஆயிரம் ரூபாய்க்குள்தான் ஆகும்.

ஆனால் இங்கும் ஒரு குழி வெட்டப்பட்டிருக்கிறது. வலைத்தளம் கட்டித் தரும் ஏஜண்டு அப்பெயரை வியாபாரியின் பேரில் பதிவு செய்யாமல் தன் பேரிலேயே பதிவு செய்துவிடுகிறான். அநேகமாகச் சூதல்ல, சோம்பல்தான். மூன்று வருஷத்தில் அவன் ஊரைவிட்டுப் போய்விடுகிறான், அல்லது தொழிலை விடுகிறான். புதுப்பிக்கச் சொல்லி வரும் நோட்டீஸ் அவன் படிக்காத பெட்டிக்குப் போகிறது. கெடு முடிந்ததும் பெயர் பறிபோகிறது. வேறெவனோ அதை வாங்கி, பழைய வாடிக்கைக்காரர் எழுதும் கடிதங்களையெல்லாம் பெற்றுக்கொள்ளலாம். நிலத்தை வாங்கிப் பட்டாவை மேஸ்திரி பேரில் எழுதி வைப்பார் உண்டா? பெயர் எவர் பேரில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு வியாபாரியும் இந்த வாரமே பார்த்துக்கொள்ளட்டும். பழைய கடிதங்களின் பிரதியை வாரந்தோறும் தன் மேஜையிலுள்ள டிஸ்கில் இறக்கி வைக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னஞ்சலைக் கோர்ட்டில் காட்டுவதற்கு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். பூட்டிய பெட்டியிலுள்ள கடிதத்திற்கு அவன் எங்ஙனம் அத்தாட்சி கொடுப்பான்?

தனி மனிதன் செய்யக்கூடியது இவ்வளவே. மற்றது சட்டத்தின் வேலை. நயாராவின் தபாலை நிறுத்தக் காரணமாயிருந்த அதே ஐரோப்பா, தன் வியாபாரிகளுக்கு என்ன செய்திருக்கிறது பாருங்கள். 2025 செப்டம்பர் 12 முதல் அங்கே அமலுக்கு வந்த தரவுச் சட்டத்தின்படி, ஒரு கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்குப் போக விரும்பும் வாடிக்கைக்காரனிடம் இரண்டு மாதத்திற்கு மேற்பட்ட நோட்டீஸ் கேட்கலாகாது; அவனுடைய தஸ்தாவேஜுகளை எடுத்துச் செல்ல விடவேண்டும்; 2027 ஜனவரி 12 முதல் அப்படி மாறுவதற்குக் கட்டணமும் வாங்கக்கூடாது. நமது 2023-ம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, பெயருக்கேற்பத் தனி மனிதரின் விவரங்களைப் பற்றியது. எடுத்துச் செல்லும் உரிமை முன்னைய மசோதாவில் இருந்தும் அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. நுகர்வோர் சட்டத்திலும், வியாபாரத்திற்காகச் சேவை பெறுவோர்க்கு இடமில்லை. சுயதொழிலால் ஜீவனம் நடத்துவோர்க்கு மட்டும் ஒரு சந்து விடப்பட்டிருக்கிறது.

முன்கூட்டி நோட்டீஸ் கொடாமல் தபாலை நிறுத்தலாகாது. நிறுத்தினும் பழைய கடிதங்களை இறக்கிக்கொள்ள 30 நாளாவது திறந்துவிட வேண்டும். வெளிநாட்டுக் கட்டளையின் பேரில் இந்தியக் கம்பெனியின் சேவையை நிறுத்துமுன் இந்தியக் கோர்ட்டின் உத்தரவு பெறவேண்டும். இம்மூன்றையும் சேர்த்து ஒரு மசோதா கொண்டுவரும்படி கோயமுத்தூர்ச் சிறு தொழிலதிபர் சங்கமும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் டில்லிக்கு விண்ணப்பம் அனுப்பலாம். அது வரும் வரையில், அச்சங்கங்களே கூட்டுறவு முறையில் தங்கள் அங்கத்தினருக்காக ஒரு தபால் ஏற்பாட்டை மொத்தமாகப் பேசி அமர்த்திக்கொள்வதில் தடையொன்றும் இல்லை. தனியொருவனுடைய புகாருக்கு யந்திரம் பதில் சொல்லும்; ஆயிரம் அங்கத்தினருடைய சங்கம் எழுதினால் ஒரு மனிதராவது கையெழுத்திட்டுப் பதில் அனுப்பித்தான் ஆகவேண்டும்.