எதைக் கைவிடுவது?

பிற நிறுவனங்களை விலைக்கு வாங்கி வளர்ந்த ஒரு நிறுவனத்தில், ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று பதிவுகளும், ஒரே வேலைக்கு நான்கு மென்பொருள்களும் இருப்பது இயல்பு. இவற்றை நெறிப்படுத்தவே கணினிக் கட்டமைப்புக் கொள்கைகள் வகுக்கப்படுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் எவரையும் நோகச் செய்யாத நல்வாக்கியங்களாக நின்றுவிடுகின்றன. எதைக் கைவிடுவது என்று சொல்லாத கொள்கை கொள்கையன்று என்பதே நம் கருத்து.

2002இல் காம்பேக்கைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட ஹெச்.பி., இரண்டில் ஒன்றை ஏற்று மற்றதை விடுவது, கலப்பதில்லை என்ற விதியைக் கைக்கொண்டது. சுவடிகளை ஒப்புநோக்கும் நல்ல பதிப்பாசிரியரும் பாடபேதங்களைக் கலந்து புதுப்பாடம் புனைவதில்லை. ஒன்றை மூலத்தில் வைத்து, ஏனையவற்றை அடிக்குறிப்பில் காட்டுகிறார்.

எனினும், தேர்வு சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஸ்பெயினின் சபடெல் 2015இல் வாங்கிய பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி, 2018 ஏப்ரலில் 52 லட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளைப் பெரும்பாலும் ஒரே வீச்சில் புதிய அமைப்புக்கு மாற்றியது. பலர் தம் பணத்தையே அணுக இயலாமல் தவித்தனர். இயல்புநிலை திரும்ப டிசம்பர் ஆயிற்று. 2022இல் விதிக்கப்பட்ட அபராதம் 4.86 கோடி பவுண்டுக்கும் மேல்.

ஆகவே, ஒன்றைத் தேர்க, படிப்படியாக மாறுக. இவ்விரண்டையும் துணிந்து எழுதாத ஆவணம் எத்தனை பக்கம் நீண்டாலும் பயனில்லை.