மணமாலையும் மதிற்சுவரும்



வடலூரிலே ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. 1867ஆம் ஆண்டில் இராமலிங்க அடிகளார் மூட்டிய அடுப்பு. எவ்வூர் என்று கேளாமல், எக்குலம் என்று பாராமல், பசித்து வந்தவருக்கெல்லாம் சோறிடும் அந்தத் தருமசாலை, நம் தென்னார்க்காட்டு மண்ணுக்குத் தனிப்பெருமை. அந்த அடுப்பின் புகை எட்டிப் பார்க்கும் தொலைவிலேதான் குறிஞ்சிப்பாடி இருக்கிறது. அங்கே தறி ஒலிக்கிறது, கைலி நெய்யப்படுகிறது. அங்கேயும் அண்டையிலுள்ள அம்பலவாணன்பேட்டையிலும் முகாம்களும் இருக்கின்றன. கடல் கடந்து, உயிர் பிழைத்து, கைப்பிடிச் சோற்றுக்கும் காலூன்ற ஓரிடத்துக்கும் வந்து சேர்ந்த இலங்கைத் தமிழரின் முகாம்கள்.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். குறிஞ்சிப்பாடித் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன். முகாமிலே பிறந்து, முகாமிலே வளர்ந்து, நம் பள்ளிக்கூடத்திலே படித்த பெண் ஒருத்தி. இருவர் மனமும் ஒன்றுபடுகிறது. பெற்றோர் இசைகின்றனர். மாலை மாற்றிக்கொள்கின்றனர். ஊரார் வாழ்த்துகின்றனர். குடும்பச் சட்டமும் வாழ்த்துகிறது: “நீங்கள் கணவன், மனைவி.”

ஓராண்டு கழிகிறது. குழந்தை பிறக்கிறது. தந்தை இந்நாட்டுக் குடிமகன். பாட்டன், முப்பாட்டன் எல்லோரும் இந்த மண்ணிலேயே மண்ணாகிப் போனவர்கள். அந்தக் குழந்தை யார்? தறிக்காரர் சிரிக்கிறார்: “இதென்ன கேள்வி! என் பேரன்!” பாட்டனின் விடை அது. சட்டத்தின் விடை வேறு. குடியுரிமைச் சட்டம் கூறுகிறது: “இக்குழந்தை இந்தியக் குடி அல்ல!”

வியப்பாக இருக்கிறதா? வியப்பதோடு நிறுத்திவிடாமல், விவரம் அறிந்துகொள்ள வேண்டியது நம் கடமை. அதற்காகவே இந்த ஞாயிறன்று இதை எழுதுகிறோம்.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முதலிலே பெருந்தன்மையோடுதான் பிறந்தது. இம்மண்ணில் பிறந்தவர் இம்மண்ணுக்குரியவர் என்றது. 1987 சூலை முதல் நாளுக்குப் பின் பிறந்தவருக்கு அந்த வாயில் குறுகிற்று. பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருந்தாக வேண்டும் என்றனர். 2003இல் மீண்டும் ஒரு திருத்தம். 2004 திசம்பர் 3 முதல் நடைமுறை. இருவரும் குடிகளாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடியாகவும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்றனர். கடைசிச் சொல்லைக் கவனியுங்கள், தோழரே. உரிய கடவுச்சீட்டின்றி வந்தவரெல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். குண்டு விழும்போது, வீடு எரியும்போது, வள்ளத்தில் ஏறி உயிர் தப்பிய தாய், கடவுச்சீட்டு அலுவலகத்தில் வரிசையில் நின்றிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு! அவள் நின்றிருக்கவில்லை. ஆகவே அவள் ‘சட்டவிரோதக் குடியேறி’. அவள் முகாமிலேயே பிறந்திருந்தாலும், 1987க்குப் பின்னர் அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவளாயின், அவளுக்கும் பிறப்பால் உரிமையில்லை. இந்தியக் குடிமகனை மணந்தாலும் அந்த முத்திரை அழிவதில்லை. அவள் நெற்றியில் இட்ட முத்திரை, அவள் பெற்ற பிள்ளையின் நெற்றிக்கும் தாவுகிறது.

மணத்தின் வழியே உரிமை பெறச் சட்டத்தில் இடமே இல்லையா? இருக்கிறது. இந்தியக் குடியை மணந்து, ஏழாண்டு இங்கே வாழ்ந்தவர், பதிவின் மூலம் குடியுரிமை கேட்கலாம் என்று ஐந்தாம் பிரிவு பேசுகிறது. ஆனால் ‘சட்டவிரோதக் குடியேறி’ அந்தப் படியில் கால்வைக்கக் கூடாது. ஏழாண்டல்ல, எழுபதாண்டு வாழ்ந்தாலும் கதவு திறவாது!

மணவாழ்வு முறிந்தால் நிலைமை என்ன? அப்பிரிவு, குடிமகனை ‘மணந்திருப்பவர்’ என்றுதான் கூறுகிறது. மணந்திருந்தவர் என்று கூறவில்லை. ஆகவே அயல்நாட்டிலிருந்து முறைப்படி வந்து இங்கே வாழ்க்கைப்பட்ட பெண்ணுங்கூட, ஆறாம் ஆண்டிலே மணமுறிவு நேர்ந்தால், நடந்துவந்த வழியையெல்லாம் இழந்து நிற்கிறாள். கணவன் அடித்தாலும் வாய் திறவாதே, வழக்குமன்றம் ஏறாதே, ஏறினால் நாடும் போய்விடும் என்று அவள் காதிலே அச்சம் ஓதப்படுகிறது. குடும்பநல நீதிமன்றம் அவளுக்கு வாழ்க்கைப் பொருள் வாங்கித் தரலாம்; அதற்குக் குடியுரிமை தேவையில்லை. ஆனால் வாழ்வதற்கு ஒரு நாட்டை வாங்கித் தர அந்த நீதிமன்றத்தால் ஆகாது. முகாமிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கோ, இழப்பதற்கு அந்த ஏழாண்டுக் கணக்குகூடக் கிடையாது.

திருமணம் ஒரு சட்டத்தில், குடியுரிமை இன்னொரு சட்டத்தில். இரண்டுக்கும் இடையிலே விழுந்து நசுங்குவது குடும்பம். இதுதான் நோயின் மூலம்.

இந்த நோய் நமக்குப் புதிதன்று. நூறாண்டுக்கு முன்னரே தமிழ்க்குலம் இதைக் கண்டது. கண்டு கலங்கி நிற்கவில்லை, களம் கண்டது.

1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவரின் வழியைப் பின்பற்றி, தென்னார்க்காடு, தஞ்சை மாவட்டங்களிலிருந்தும் ஏழைகள் ஆயிரமாயிரமாகக் கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் போயினர். அங்கே அவர்தம் முதுகெலும்பை முறித்த வெள்ளை அரசு, 1913 மார்ச்சுத் திங்களில் அவர்தம் மணவாழ்வையும் முறிக்க முற்பட்டது. கணவனோடு சேர்ந்து வாழ வந்த ஒரு பெண்ணைக் குடிநுழைவு அதிகாரி தடுத்தார். வழக்கு கேப் மாகாண நீதிமன்றத்துக்குப் போயிற்று. பலதார மணத்தை ஒப்பும் சமய முறைப்படி நடந்த திருமணத்தை அந்நாட்டுச் சட்டம் ஏற்காது என்று நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். ஒரே வரியில் இந்து, இசுலாமியப் பெண்களெல்லாம் மனைவியர் அல்லாதவர் ஆயினர். அவர்தம் மக்களெல்லாம் முறைபிறழ்ந்து பிறந்தோர் ஆயினர்!

பொறுத்தனரா நம் பெண்கள்? கைக்குழந்தைகளை இடுப்பில் ஏந்தியவாறே, தால்சுதாய்ப் பண்ணையிலிருந்து தமிழ்ப்பெண்கள் புறப்பட்டனர். எல்லையைக் கடந்தனர். நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று, மூன்று பவுன் தலைவரியின் கொடுமையையும் மணத்தை மறுத்த தீர்ப்பின் இழிவையும் எடுத்துரைத்தனர். சுரங்கங்கள் வெறிச்சோடின. பெண்கள் சிறை புகுந்தனர். அந்தப் போரிலே சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22இல் பதினாறே வயதில் மறைந்தவள் வள்ளியம்மை. சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டித் தரங்கம்பாடிப் பக்கம் சென்றால் தில்லையாடி. அவ்வூரின் பெயரை இன்றும் தன் பெயருக்கு முன்னே சுமந்து நிற்கிறாள் அந்த வீரச்சிறுமி. அதே 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. நம்மவரின் மணமும் ஏற்கப்பட்டது.

இரண்டாவது படிப்பினை நம் வீட்டிலேயே இருக்கிறது. புரோகிதர் இல்லாமல், புரியாத மந்திரம் இல்லாமல், பெரியார் காட்டிய வழியிலே மணம் முடித்தவர்களை நோக்கி, 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், அந்த மணம் சட்டப்படி செல்லாது என்றது. வாழ்ந்து பிள்ளை பெற்றவர்கள் திகைத்தனர். 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா என்ன செய்தார்? அவ்வாண்டே பேரவையில் சுயமரியாதைத் திருமணச் சட்டத்தை நிறைவேற்றினார். 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இனி நடக்கும் மணங்களுக்கு மட்டுமா? இல்லை, முன்னரே நடந்த மணங்களும் செல்லும் என்றது! பழைய காயத்துக்கும் மருந்திட்ட சட்டம் அது.

அண்ணாவால் அதை எப்படிச் செய்ய முடிந்தது? அரசியலமைப்புச் சட்டத்திலே திருமணமும் மணமுறிவும் பொதுப்பட்டியலில், ஐந்தாம் இனமாக இருக்கின்றன. மாநிலத்துக்கும் அதில் கை உண்டு. குடியுரிமையோ மத்தியப் பட்டியலின் பதினேழாம் இனம். நாட்டுக்குள் நுழைவது, வெளியேற்றுவது, கடவுச்சீட்டு எல்லாம் பத்தொன்பதாம் இனம். அங்கே மாநிலத்துக்கு விரல்நுனி அளவுக்கும் இடமில்லை. குறிஞ்சிப்பாடித் தம்பதியைக் கணவன் மனைவி என்று கோட்டை கூறலாம். அவர்கள் பெற்ற பிள்ளையைக் குடி என்று கூறும் அதிகாரம் தில்லியிடம்! மாநில உரிமை என்று நாம் பேசும்போது, அது யாருக்கோ பதவி தேடும் பேச்சு என்று ஏளனம் செய்வோர் உளர். ஒரு தொட்டில் குழந்தையின் வாழ்வு அந்தப் பேச்சில் அடங்கியிருக்கிறது என்பதை அவர்கள் அறியட்டும்.

முகாமில் இருப்போர் முற்றிலும் அயலாரா? அதையும் சிந்திப்போம். நம் மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் வழிவந்தோர் அவர்களில் பலர். 1948இல் இலங்கை இயற்றிய சட்டம் அந்தத் தோட்டத் தமிழரின் ‘பிரஜாவுரிமை’யைப் பறித்தது. 1964இல் சாத்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் உட்கார்ந்து ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களைப் பங்கிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று! 1974இல் மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தனர். மக்களைக் கேட்டனரா? இல்லை. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோரில் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மற்றவருக்கு இலங்கைக் குடியுரிமை என்று பிரிந்த குடும்பங்கள் தலைமன்னார்த் துறையிலே கதறியழுதன. 1983க்குப் பிறகு இனக்கொலைத் தீயினின்று தப்பி வந்தோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஏறத்தாழ 58,000 பேர் தமிழகத்தின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருந்தனர். அவ்வாண்டு மாநில அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றி, வீடு கட்டித் தரவும் முன்வந்தது. மாநிலத்தின் கை எட்டிய தூரம் அவ்வளவு.

2019இல் மதுரைக் கிளை நீதிமன்றம், முகாமில் வாழ்ந்த இந்திய வமிசாவளித் தமிழர் 65 பேரின் வழக்கிலே, அவர்தம் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிவோடு பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்கு வழிகாட்டிற்று. அதே ஆண்டின் இறுதியிலே வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் என்று மூன்று நாடுகளை எண்ணிற்று. இலங்கை என்ற நான்காவது பெயர் மட்டும் தில்லியின் நாவில் வரவில்லை! 2025 செப்டம்பரில், 2015 சனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தனர். நல்லதுதான், நன்றி கூறுவோம். ஆனால் தண்டிக்கமாட்டோம் என்பது வேறு, குடியாக ஏற்கிறோம் என்பது வேறு. சிறைக்கதவை மூடாமல் விட்டவர், வீட்டுக்கதவைத் திறந்துவிட்டவர் ஆகிவிடமாட்டார்.

அவ்வாண்டு மே திங்களில், மனைவி மக்கள் இங்கே இருக்கின்றனர், என்னை அனுப்பிவிடாதீர் என்று ஓர் இலங்கைத் தமிழர் உச்சநீதிமன்றத்தில் முறையிட்டபோது, இந்தியா தருமசாலை அல்ல என்ற கருத்து அங்கே எழுந்தது. தண்டனை பெற்றவரின் வழக்கு அது. அதன் நியாயத்துக்குள் நாம் புகவில்லை. ஆனால் ‘தருமசாலை’ என்ற சொல், வடலூர் மண்ணில் பிறந்தவர் காதிலே இழிசொல்லாக விழாது என்பதை மட்டும் பணிவோடு கூறுகிறோம்.

“கதவைத் திறந்தால் பொய்த் திருமணம் பெருகாதோ?” என்பார் சிலர். கேட்கத் தக்க கேள்வி, விடை கூறுவோம். ஏழாண்டு இல்லறம் என்ற நிபந்தனை எதற்கு இருக்கிறது? பொய்யைப் புடைத்தெடுக்கும் முறம் அது. முகாமில் வாழ்வோரின் பெயரும் வரவும் போக்கும் அரசின் பதிவேட்டிலே ஆண்டாண்டாக எழுதப்பட்டு வருகின்றன. அவர்களைவிட நன்கு அறியப்பட்டவர் இந்நாட்டில் வேறு யார்? கள்ள நாணயம் நடமாடுகிறது என்பதற்காக நாணயச் செலாவணியையே நிறுத்திவிடும் அரசு உண்டோ? 1985இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், குடியேறி வாழும் ஆடவரின் மனைவியர்க்கு ஒரு நீதியும் பெண்களின் கணவர்க்கு வேறு நீதியும் காட்டிய பிரிட்டனின் விதியைக் கண்டித்தது. அயலவரை அனுமதிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. அந்த அதிகாரமும் நீதிக்கு உட்பட்டதே என்று உணர்த்திய தீர்ப்பு அது. நம் நாடும் திருந்தாத நாடன்று. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தந்தை வழியில் மட்டுமே இருந்த உரிமையைத் தாய் வழிக்கும் தந்தது 1992ஆம் ஆண்டுத் திருத்தம். அன்று தாய்க்குத் தந்த நீதியை இன்று குறிஞ்சிப்பாடித் தந்தைக்குத் தர என்ன தடை?

நாம் கேட்பது மூன்று. பெற்றோரில் ஒருவர் இந்தியராயின், இங்கே பிறந்த குழந்தை இந்தியக் குடி என்று சட்டம் கூறட்டும். அகதியாகப் பதிவுபெற்றவரைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்னும் சொல்லிலிருந்து விடுவித்து, மணத்தின் வழியே உரிமை கேட்க விடட்டும். மணமுறிவோ கைம்மையோ நேர்ந்த பெண், அதுவரை வாழ்ந்த ஆண்டுகளை இழக்காதிருக்கட்டும். இம்மூன்றும், அண்ணாவின் சட்டத்தைப்போல், முன்னர் நடந்தவற்றுக்கும் பொருந்தட்டும்.

தில்லி திருந்தும்வரை நாம் கைகட்டி நிற்பதா? கூடாது. கழகத் தோழர்களே, உங்கள் ஊருக்கு அருகே முகாம் இருந்தால் ஒருமுறை சென்று வாருங்கள். மணம் நடந்திருந்தால் தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். குடியுரிமை இல்லாவிடினும் பிறப்பைப் பதியத் தடையில்லை. நாளை சட்டம் மாறும்போது, அந்தக் காகிதம் இல்லாததால் ஒரு பிள்ளை வாயிலிலே நின்றுவிடக் கூடாது. எழுதத் தெரிந்தவர் மனு எழுதிக் கொடுங்கள்; வழக்கறிஞராக உள்ளவர் வழிகாட்டுங்கள்.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, அயல்நாட்டிலே, தன் இனத்துப் பெண்களின் மணத்துக்கு மதிப்புக் கேட்டு உயிர் கொடுத்தாள். நம்மிடம் கேட்கப்படுவது உயிரன்று. ஒரு மாலைப் பொழுது. குறிஞ்சிப்பாடித் தொட்டிலிலே கிடக்கும் அந்தக் குழந்தை, ‘நான் யார்?’ என்று கேட்கும் வயதை எட்டுவதற்குள், ‘நீ எங்கள் பிள்ளை’ என்ற விடையைச் சட்டப் புத்தகத்திலும் எழுதவைப்போம்!