மணலில் கிடைத்த காசு



நம் சபை வாலிபர் ஒருவர், பொழுதுபோக்காக மெட்டல் டிடெக்டருடன் பட்டினப்பாக்கம் கடற்கரையில் நடப்பவர், சென்ற வாரம் பச்சையேறிய செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்தார். பின்னிப்பிணைந்த வி, ஓ, சி எழுத்துகளைக் கண்டு, கப்பலோட்டிய தமிழரின் காசோ என்று வியந்திருந்தார்! அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. 17ஆம் நூற்றாண்டு முதல் பழவேற்காட்டில் வாணிபம் செய்தவர்கள் அவர்கள். மறுபுறத்தையோ ஆவலில் புளியிட்டுத் தேய்த்துவிட்டார். எந்த மாகாணத்தில் அடிக்கப்பட்டது என்று சொல்லியிருக்கக்கூடிய கேடயச் சின்னம் போயிற்று.

கண்டெடுத்தவனுக்கே சொந்தம் என்பதை நான் ஏற்கவில்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளில் பல இவ்வழியே வந்தவை.

புதையலை மறைத்துவிட்டு நிலத்தை வாங்கிய மனிதனின் உவமையை வாலிபர் எனக்கே நினைவூட்டினார். அவன் நிலத்துக்கு விலை கொடுத்தானே. கடற்கரையை யார் வாங்குவது?

உங்களுக்கும் ஏதேனும் கிடைத்தால், தேய்க்காதீர்கள்; கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி, காகிதத்தில் பொதிந்து வையுங்கள். திங்களன்று அவருடன் நானும் கலெக்டர் அலுவலகம் செல்கிறேன்.