கணிதப் பாடத்துக்கு உரிமையாளர் யார்?

முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பக்கங்களும் கோணங்களும் மாறிக்கொண்டே செல்கின்றன. மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையாகவே நிற்கிறது. ஆசிரியர் கரும்பலகையில் பலமுறை வரைந்து அழித்து விளக்க வேண்டிய இவ்வுண்மையை, மாணவி திரையில் தானே இழுத்துப் பார்த்து அறிகிறாள். 'ஜியோஜீப்ரா' என்னும் கணிதச் செயலி இதற்குத் துணைபுரிகிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001ஆம் ஆண்டு தொடங்கிய பணியின் விளைவு அது. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகிய அனைத்திலும் இயங்கும். பள்ளியில் பழைய கணினியும் வீட்டில் மலிவுக் கைபேசியுமே வாய்த்த உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இத்தகைய பல்தளச் செயலிகளின் பயன் சிறிதன்று.

ஆனால் எதிலும் இயங்குவதாலேயே ஒரு கருவி எல்லோருக்கும் உரியதாகிவிடாது. 2021 டிசம்பரில் ஜியோஜீப்ரா நிறுவனத்தை பைஜூஸ் விலைக்கு வாங்கியது. 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புடையதெனப் போற்றப்பட்ட பைஜூஸ் மீது 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கிற்று. கிரிக்கெட் வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய 158 கோடி ரூபாய் பாக்கிக்காக! விளையாட்டு வீரர்களின் சட்டையில் பெயர் பொறித்துக்கொண்ட விளம்பரக் கடன் அது. பல்கலைக்கழகத்தில் பிறந்து, உலகெங்கும் ஆசிரியர்கள் ஊதியமின்றிப் பாடங்கள் உருவாக்கிச் செழுமைப்படுத்திய கருவி அத்தகைய கம்பெனியின் கைக்குப் போனதை எந்த வகுப்பறையையும் கேட்டு முடிவு செய்யவில்லை.

அரசின் கையில் இருந்தால் மட்டும் போதுமா? ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 'தீக்‌ஷா' செயலி சார்ந்த லட்சக்கணக்கான ஆசிரியர், மாணவர் விவரங்கள் ஓராண்டுக்கும் மேலாகப் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்தது 2023 ஜனவரியில் அம்பலமாயிற்று.

கேரளத்தின் அனுபவம் இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 2001இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம், கட்டற்ற மென்பொருளையே அடித்தளமாக ஏற்றது. அதன் வழிவந்த 'கைட்' என்னும் அரசு நிறுவனம் உபுண்டுவை ஆதாரமாகக் கொண்டு பள்ளிகளுக்கெனத் தனி இயங்குதளம் வடிவமைத்து வழங்குகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, மலையாளத்தில் பாடப்பொருள், 45,000 வகுப்பறைகளில் மடிக்கணினியும் ஒளிப்பட வீழ்த்தியும் என அனைத்தையும் பொதுநிதியே தாங்கியது. 2020 ஜூன் 1 அன்று தொலைக்காட்சி வழியே வகுப்புகள் தொடங்கியபோது, தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பலர் நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் அமர்ந்து கற்றனர். செயலி எதுவும் அந்த இடத்தைத் தந்திருக்க இயலாது. ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக வைத்துவிட்டுச் செயலிகளைக் காட்டும் அரசுகளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

தோழர்கள் எந்த மாநிலத்தில் பணியாற்றினாலும், அரசுப் பள்ளிக்குள் புதிய செயலி நுழையும்போது அதன் மூலநிரல் திறந்ததா, இணையமின்றிப் பழைய கருவியில் இயங்குமா, பிள்ளைகளின் விவரங்கள் யாரிடம் சேர்கின்றன எனப் பெற்றோர் கூட்டங்களில் எழுப்புங்கள். விடை கிட்டாவிடில், அரசு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கோரிப் பெறுங்கள்.