முயல் குட்டியைத் தொடலாம், தொட வேண்டும்

வீட்டில் முயல் குட்டி போட்டதும் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "குட்டி மேல கை வச்சிடாதீங்க, மனுஷ வாடை பட்டா தாய் சேர்க்காது." பறவைக் குஞ்சுகளைப் பற்றி எங்கோ கேட்டதை முயலுக்கும் சேர்த்துச் சொல்லும் பேச்சு இது. நானும் அதை நம்பினேன். எங்கள் முயலின் முதல் ஈற்றில் மூன்று குட்டிகள் கூட்டுக்கு வெளியே கம்பித் தரையில் கிடந்தன. தாயே எடுத்துக்கொள்ளும் என்று தள்ளி நின்றோம். விடிந்தபோது மூன்றும் சில்லிட்டுப் போயிருந்தன.

பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும். முயலுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. காம்பைப் பிடித்தபடி தொங்கி வெளியே வந்து விழுந்த குட்டியை அது திரும்பக் கொண்டுபோய் வைக்காது. முடியில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும் குட்டியால் தன் உடல் சூட்டைத் தனியாகக் காத்துக்கொள்ளவும் முடியாது. அதைக் காப்பாற்ற நம் கை மட்டும்தான் உண்டு. உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி, பிறகு மற்றக் குட்டிகளின் நடுவே விட வேண்டும். குளிர்ந்த குட்டிக்கு முதலில் தேவை பால் அல்ல, சூடு.

வாடை? நம் கையில் தின்று, நம் மடியில் வளர்ந்த முயலுக்கு நம் வாடை புதிதல்ல. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்திலிருந்து வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முயல்களை வாங்கி வந்து பண்ணை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தினமும் கூட்டுக்குள் கைவிட்டு, செத்த குட்டி இருந்தால் எடுத்துவிடுவது பண்ணை வேலைகளில் ஒன்று. அதிகம் ஈன்ற தாயின் குட்டிகளில் இரண்டை எடுத்து, அதே சமயத்தில் குறைவாக ஈன்ற தாயிடம் விடுவதும் நடக்கிறது. ஊரான் குட்டிக்கே பால் கொடுக்கும் முயல், தன் குட்டியை நம் விரல் பட்டதற்காகவா ஒதுக்கும்?

குட்டியைத் தின்ற தாயைப் பார்த்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. நஞ்சுக்கொடியைத் தின்னும்போது செத்துப் பிறந்த குட்டியும் சேர்ந்து போவதுண்டு. முதல் ஈற்றின் மிரட்சி, கூண்டருகே நாய், வெடிச் சத்தம், தண்ணீர் இல்லாத கிண்ணம் ஆகியவையும் காரணங்கள். அதனால் தாயை வெளியே கீரை தின்ன விட்டு, கை கழுவி, சத்தமில்லாமல் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

இரண்டாவது புகார்தான் எனக்கு அதிகம் வருகிறது: "தாய் கூட்டுப் பக்கமே போகலை, பால் கொடுக்கலை." கோழி அடைகாப்பதைப் பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். முயல் நாளுக்கு ஒருமுறை, சில சமயம் இருமுறை, மூன்று நான்கு நிமிடம் பால் கொடுத்துவிட்டு விலகிவிடும். ஐரோப்பாவில் இதன் காட்டு மூதாதை குட்டிகளுக்குத் தனி வளை தோண்டி, வாயை மண்ணால் மூடிவிட்டுப் போகும். அருகிலேயே உட்கார்ந்திருந்தால் நரி மோப்பம் பிடித்துவிடும். விலகி இருப்பதுதான் அதன் காவல். அந்தச் சில நிமிடத்துக்குள் குருட்டுக் குட்டி எப்படிக் காம்பைக் கண்டுபிடிக்கிறது? பாலில் உள்ள ஒரு மணம் வழிகாட்டுகிறது என்று 2003இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாடைக்குப் பயந்து குட்டியைச் சாகவிடும் நாம் இந்த வாடையை அல்லவா அறிந்திருக்க வேண்டும்!

பால் கிடைத்ததா என்று காலையில் வயிற்றைப் பார்த்தாலே தெரியும். குடித்த குட்டியின் வயிறு உருண்டு பளபளக்கும். குடிக்காததன் தோல் சுருங்கியிருக்கும், தொட்டால் துள்ளிக் கத்தும். சமையலறைத் தராசு இருந்தால் தினம் எடை போடுங்கள். ஒரு வாரத்தில் பிறந்த எடை ஏறத்தாழ இரட்டிக்கும்.

இது தெரியாமல் பசும்பாலை ஃபில்லரில் ஊற்றுகிறார்கள். முயல் பாலில் புரதமும் கொழுப்பும் தனித்தனியே 100 கிராமுக்கு 10 கிராமைத் தாண்டும். பசும்பாலில் மூன்று நான்கு கிராம்தான். பால் சர்க்கரையோ அதில்தான் அதிகம். வயிற்றுப்போக்கில் ஒரே நாளில் குட்டி போய்விடும். மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இரண்டு நாளாக வயிறு ஒட்டியே இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மற்றபடி ஊட்ட வேண்டியது தாய்க்கு. வேலிமசால், அகத்தி, அருகம்புல், குறையாத தண்ணீர் போதும்.

கடைசியாக, "அப்பாவைப் பிரிச்சா குடும்பம் கலைஞ்சிடும்" என்று ஆண் முயலை உடன் விட்டு வைப்பது. ஈன்ற சில மணி நேரத்திலேயே பெட்டை மறுபடி சினைப்படும். சினைக்காலம் 31 நாள்தான். இந்த ஈற்று பால் மறக்கும் முன்பே அடுத்தது வந்து நிற்கும். வயிற்றில் ஒரு ஈற்று, மடியில் ஒரு ஈற்று என்று அந்த உடம்பு தேய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஈனுவதற்கு முன்பே ஆணை அடுத்த கூண்டுக்கு மாற்றுங்கள். கம்பி வலை வழியே இரண்டும் மோந்துகொள்ளட்டும். ஆணுக்குக் கருத்தடை செய்தாலும், அதன் பிறகு சில வாரங்கள் அந்த வலை நடுவில் இருக்கட்டும்.