கொக்குக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?

"பரந்தூர்ல ஏர்போர்ட் வந்தா ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் எங்கேயோ போயிடும்டா" என்றான் கேன்டீனில் ஒரு நண்பன். ஏரி, கொக்கு என்று நான் இழுத்ததும், "பட்டாசு வெடிச்சா பறந்துடும்" என்று முடித்துவிட்டான். பறக்கும் சரி, எங்கே போகும்? அடுத்த ஏரிக்கு. அதுவும் ரன்வே பக்கத்தில்தானே இருக்கிறது!

2022 ஆகஸ்டில் அறிவித்த இடம். 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கையளவிலான ஒப்புதலும் வந்தாச்சு. ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்தே வேண்டாம் என்கிறார்கள். அவர்களை வளர்ச்சிக்கு எதிரி என்று திட்டுகிறவர்கள், நாளைக்கு அங்கே விமானம் ஏறப்போகும் தங்கள் உயிரைப் பற்றியாவது யோசிக்கலாம். திட்ட நிலத்துக்குள்ளேயே ஏரி, குளம், வயல். ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் அதற்குள்தான் ஓடுகிறது.

இன்ஜினைப் பறவை வைத்துச் சோதித்துத்தானே அனுப்புகிறார்கள் என்பீர்கள். ஆமாம். ஆனால் அமெரிக்க விதிப்படி பெரிய பறவைச் சோதனை என்பது ஒரே ஒரு பறவை, அதிகபட்சம் 3.65 கிலோ. அதற்குப் பிறகு இன்ஜின் ஓட வேண்டும் என்றுகூட இல்லை. ஆபத்தில்லாமல் நின்றால் பாஸ்! நம்ம ஊர் கூழைக்கடாவோ 4 கிலோவுக்கு மேல். அது தனியாகவும் வராது.

டேக்-ஆஃபில் 'வி1' வேகத்தைத் தாண்டிவிட்டால் பைலட் பிரேக் போட முடியாது, ஏறித்தான் ஆகணும். ஒரு இன்ஜின் போனால் இன்னொன்று காப்பாற்றும். கூட்டமாக வந்தால்? 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் இரண்டையும் காலி செய்தது. கீழே ஹட்சன் ஆறு இருந்தது, சல்லன்பெர்கர் இருந்தார், 155 பேரும் பிழைத்தார்கள். 2024 டிசம்பர் 29, தென்கொரியாவின் முவான் விமான நிலையம். சுற்றிலும் வலசைப் பறவைகள் தங்கும் இடங்கள். தரையிறங்க வந்த விமானத்தின் இரண்டு இன்ஜின்களிலும் பைக்கால் வாத்தின் இறகுகள். 179 பேர் போனார்கள். (ரன்வே முடிவில் இருந்த கான்கிரீட் மேடும் ஒரு காரணம், மறைக்கவில்லை.)

நம் நாட்டின் 1937 விமான விதிகளில், விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டாதே, ஆடுமாடு அறுக்காதே என்று இருக்கிறது. ஏன்? பறவை வரும். கசாப்புக்கடைக்காரரை 10 கிலோமீட்டர் தள்ளிப் போகச் சொல்கிறவர்கள், விமான நிலையத்தை மட்டும் ஏரிக்குள்ளேயே கொண்டுபோய் வைப்பார்களாம்!

"ஏரியைத் தூர்த்துட்டா கொக்கு ஏன்டா வரப்போகுது?" இது நண்பனின் கடைசி அஸ்திரம். சரி, கொக்கு வராது. மழை? 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்து மீனம்பாக்கம் நாள்கணக்கில் மூடிக்கிடந்ததே, அந்தத் தண்ணீருக்கு எந்தப் பட்டாசு வெடிப்பது என்று கேட்டேன். டீ ஆறிப்போச்சு என்று எழுந்து போய்விட்டான்.