'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படிக்கப் போறீங்களா? முதல் 100 பக்கத்தில் மூடி வெச்சுடாதீங்க!

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை நான் மூன்று முறை தொடங்கியிருக்கிறேன். முதல் முறை முன்னுரையையே தாண்டவில்லை. இரண்டாவது முறை 100 பக்கத்தோடு சரி. 'நமக்குப் பெரிய புத்தகமெல்லாம் ஒத்துவராது' என்று முடிவே கட்டிவிட்டேன். மூன்றாவது முறை முடித்தபோதுதான் புரிந்தது: படத்தின் வேகத்தைப் புத்தகத்தில் தேடியதுதான் நான் செய்த தப்பு. நீங்கள் தொடங்கும் முன் சில விஷயங்கள்...

முன்னுரை கட்டாயமில்லை

ஹாபிட் எனும் குட்டி மனிதர்களின் பழக்கவழக்கம், அவர்கள் புகைக்கும் இலையின் வரலாறு என்றுதான் புத்தகம் ஆரம்பிக்கும். அலுப்பாக இருந்தால் தாண்டிவிடுங்கள். கதை முடிந்தபின் திரும்பி வந்தால் அதுவே ருசிக்கும்.

கதை மெதுவாகத்தான் நகரும்

பில்போவின் 111-வது பிறந்தநாள் விருந்தில் கதை தொடங்குகிறது. அன்று மோதிரம் ஃப்ரோடோ கைக்கு வருகிறது. ஆனால், அவன் ஊரைவிட்டுக் கிளம்புவது 17 வருடங்கள் கழித்து! நடுநடுவே பாட்டு வரும். படத்தில் இல்லாத டாம் பாம்படில் வருவார். எல்ராண்ட் வீட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள்.

பெயர்களுக்குப் பயப்படாதீர்கள்

கல்யாண வீட்டில் அறிமுகமாகும் எல்லா சொந்தக்காரர்களையும் அன்றே ஞாபகம் வைத்துக்கொள்கிறோமா என்ன? முக்கியமானவர்கள் மறுபடி வருவார்கள். வரைபடத்தை மட்டும் அவ்வப்போது பாருங்கள்.

இரண்டாம் பாகத்தில் ஒரு ஸ்பீட் பிரேக்கர்

உண்மையில் இது ஒரே நாவல். போருக்குப் பிந்தைய காகிதத் தட்டுப்பாடும் செலவும் சேர்ந்து, 1954-55ல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. இரண்டாம் பாகத்தின் முதல் பாதியில் ஃப்ரோடோவும் சாமும் வரவே மாட்டார்கள். பொறுமை! அடுத்த பாதி முழுக்க அவர்கள் பக்கம்தான்.

சரி, எதற்காக இவ்வளவு பொறுமை?

இதை எழுதிய டோல்கீன், முதல் உலகப் போரில் 1916-ல் சோம் போர்க்களத்தில் இருந்தவர். அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் அந்தப் போரில் இறந்துபோனார்கள். அதனால்தானோ என்னவோ, இந்த நாவலில் சண்டையைவிட நடைதான் அதிகம். பசி, களைப்பு, கூடவே வரும் ஒரு நண்பன். ஃப்ரோடோ களைத்துப்போகும்போது நமக்கும் கால் வலிக்கிறது. மெதுவாகப் படித்தால்தான் அந்த வலி பிடிபடும்.

வில்லன் வீழ்ந்ததும் கதை முடிந்துவிடாது. ஊர் திரும்புவதற்கும் பல அத்தியாயங்கள் உண்டு. வேலைக்காக வீட்டைவிட்டு வந்த முதல் வருடத்தில், பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கங்களைப் படித்தேன். லீவுக்குப் போனால் வீடு அப்படியே இருக்கும், நான்தான் மாறியிருப்பேன். அதை யாரிடமும் சொல்லத் தெரியாமல் இருந்தேன். புத்தகம் சொல்லிவிட்டது.

ஒரு நாளைக்கு 10 பக்கம் போதும். எல்ராண்டின் வீடுவரை போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக மூடிவிடலாம். ஆனால், 'எனக்குப் படிக்க வராது' என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். நான் அப்படிச் சொல்லிக்கொண்டே நாலு வருடத்தை வீணாக்கியவள்!